கணித மேதை இராமானுஜனும் தனிமை என்னும் நோயும்

அளவுக்கு மிஞ்சிப் படித்தால் புத்தி பேதலித்துவிடும் என்று நம் குப்பங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கணக்கில் கெட்டிக்காரியான பெண்ணொருத்தி நள்ளிரவு வரை விளக்கைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தால், மூளை சூடேறிவிடும், எழுந்து படு என்று ஆயாக்கள் அதட்டுவதும் உண்டு. மேல்நிலைப் படிப்பை முடித்த மகளைக் கணிப்பொறி படிக்கச் சென்னைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் சிலரும் இதே அச்சத்தைக் காரணம் காட்டுகின்றனர். நம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் விண்ணில் பாய்வதை நாம் கரையில் நின்றே பார்க்கிறோம். அவற்றின் ஒவ்வோர் அசைவையும் கணிப்பொறிகளே கணக்கிடுகின்றன. அந்தக் கணக்குகளை வகுக்கும் பணிக்கு நாளை நம்மில் சிலரும் போகக்கூடும். ஆகவே, இந்த அச்சத்தில் உண்மை எவ்வளவு என்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை. அதற்கு நம் தமிழகம் ஈன்ற கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையைவிடச் சிறந்த பாடம் நமக்குக் கிடைக்காது.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் குமாஸ்தா. தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடிச் சிறிது வருவாய் ஈட்டினார். ஏழைக் குடும்பம், ஆனால் பக்தி மிகுந்த குடும்பம். நாமக்கல் நாமகிரித் தாயாரே தமக்குக் கணிதத்தை அருளுவதாக இராமானுஜன் வாழ்நாள் முழுவதும் நம்பினார்.

1897இல் தொடக்கநிலைத் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறி, கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். கல்லூரி மாணவர் படிக்கும் திரிகோணமிதி நூலைத் தம் பதின்மூன்றாம் வயதிலேயே கற்றுத் தேர்ந்தார். 1903இல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. அதில் ஏறத்தாழ 5,000 முடிவுகள் விளக்கம் ஏதுமின்றி வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. மற்றவர்க்கு அது சலிப்பூட்டும் பட்டியல், இராமானுஜனுக்கோ புதையல். ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். காகிதம் வாங்கப் பணமில்லாமையால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார்.

தோல்வியின் ஆண்டுகள்

பள்ளியில் பரிசு வாங்கிய அதே மாணவர் கல்லூரியில் தோற்றார் என்பதை நாம் மறக்கலாகாது. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார். உதவித்தொகை பறிபோனது. கட்டணம் கட்ட வீட்டில் வழியில்லை. 1905இல் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் புறப்பட்டு விசாகப்பட்டினம் வரை சென்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினேழு. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எஃப்.ஏ. தேர்வில் 1906இலும் 1907இலும் தவறினார்.

தோல்வி அடைந்ததும் எவரிடமும் சொல்லாமல் விலகிப் போகும் இந்தப் போக்கை நாம் இங்கே கவனித்துக்கொள்ள வேண்டும். பெரிய அறிவு படைத்த அந்த உள்ளம் சின்ன அவமானத்தையும் தாங்க இயலாததாய் இருந்தது. பின்னாளில் இங்கிலாந்தில் ஒருமுறை நண்பர்களை விருந்துக்கு அழைத்துத் தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை இரசம் ஊற்ற வந்தபோது விருந்தினர் போதும் என்று சொல்லிவிட்டனர். அது அவர் மனத்தைப் புண்படுத்திவிட்டது. சத்தமின்றி எழுந்து வெளியே போனவர், சில நாட்கள் வரை அறைக்குத் திரும்பவில்லை.

1909ஆம் ஆண்டு ஜூலையில் அவருக்கும் ஜானகிக்கும் திருமணம் நடந்தது. மணமகள் பத்து வயதுச் சிறுமி. குடும்பப் பொறுப்பு வந்ததும் இராமானுஜன் நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசுவாமி ஐயர் அவருடைய திறமையை உணர்ந்து பரிந்துரைத்தார். 1910 டிசம்பரில் அவர் நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவைச் சந்தித்தார். நம் ஏரியின் வடபகுதி அந்நாளில் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்தது; ஆகவே அந்த உதவி நமக்குப் பக்கத்து மண்ணிலிருந்து கிடைத்த உதவி என்று நாம் பெருமை கொள்ளலாம். அந்த நல்லவர் மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து வந்தார். 1912 மார்ச் முதல் நாள் இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவானார். அங்கே மேலதிகாரியான நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். இரவில் இராமானுஜனோடு அமர்ந்து கணக்குகளைப் பேசினார்.

கடல் கடந்த பயணம்

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு ஆங்கிலேய அறிஞர்கள் உதவ முன்வரவில்லை. ஹார்டி மட்டுமே அந்தக் கடிதத்தை நிறுத்திப் படித்து, எழுதியவர் ஒரு மாமேதை என்று கண்டுகொண்டார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து இராமானுஜன் கப்பலேறினார். ஜானகி உடன் செல்லவில்லை.

கேம்பிரிட்ஜில் அவர் ஆற்றிய பணி உலகப் புகழ் பெற்றது. ஓர் எடுத்துக்காட்டை நம் வழக்கில் சொல்லலாம். நான்கு கூடை இறால் இருக்கிறது. அதை எத்தனை விதமாகப் பங்காகப் பிரிக்கலாம்? நான்கும் ஒரே பங்காக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், ஒவ்வொன்றாக நான்கு. ஆக 5 விதம். பத்துக் கூடை என்றால் 42 விதம். இருநூறு கூடை என்றால் 39,72,99,90,29,388 விதம்! ஏறத்தாழ 4 இலட்சம் கோடி. ஒவ்வொன்றாக எண்ணாமலேயே இந்த விடையை நெருங்கும் சூத்திரத்தை ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து கண்டுபிடித்து 1918இல் வெளியிட்டனர். கணிப்பொறி என்னும் பொறியே இல்லாத காலம் அது.

1914இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்றில் வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான பை என்னும் எண்ணைக் கணிக்கும் சூத்திரங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் ஒவ்வோர் உறுப்பைக் கூட்டும்போதும் ஏறத்தாழ எட்டு இலக்கங்கள் புதிதாகச் சரியாகக் கிடைக்கும். 1985இல் அமெரிக்காவில் காஸ்பர் என்னும் கணிப்பொறி வல்லுநர் அந்தச் சூத்திரத்தைக் கொண்டே பையை 1 கோடியே 70 இலட்சம் இலக்கங்களுக்கும் மேலாகக் கணித்தார். சிலேட்டில் பிறந்த கணக்கு எழுபது ஆண்டுகள் கழித்துக் கணிப்பொறியில் உயிர் பெற்றது.

இருள் சூழ்ந்த நாட்கள்

இத்தனை புகழுக்கும் நடுவே அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பார்ப்போம். அவர் சென்ற சில மாதங்களில், 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் மூண்டது. நண்பர்கள் பலர் போர்ப் பணிக்குப் போய்விட்டனர். அவர் புலால் உண்ணாதவர். கல்லூரி உணவு விடுதியில் மற்றவரோடு அமர்ந்து உண்ண முடியவில்லை. அறையில் தனியே சமைத்தார். ஆராய்ச்சியில் மூழ்கினால் சமைப்பதையே மறந்தார். போர்க்காலத்தில் காய்கறி, பழம் கிடைப்பதும் அரிதாயிற்று. இரவு பகல் என்ற கணக்கே இல்லை; விழித்திருக்கும் வரை வேலை, விழுந்தால் உறக்கம்.

அந்நாட்களில் கேம்பிரிட்ஜில் பயின்ற மகலனோபிஸ் (பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்) ஒரு நிகழ்ச்சியைக் கூறியுள்ளார். குளிர் தாங்கவில்லை என்றும், மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டே உறங்குவதாகவும் இராமானுஜன் அவரிடம் சொன்னார். மகலனோபிஸ் போய்ப் பார்த்தபோது, கம்பளிகள் மெத்தையோடு சேர்த்துச் செருகப்பட்டு ஒழுங்காகவே இருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. சொல்லித் தர யாரும் இல்லை. கேட்க அவருக்கும் கூச்சம். போர்வை கைக்கெட்டும் இடத்திலிருந்தும் குளிரில் நடுங்கிய அந்த மேதையை நினைக்கும்போது நம் நெஞ்சம் உருகுகிறது.

1917இல் அவர் நோய்வாய்ப்பட்டார். காசநோய் என்று ஒரு மருத்துவர், வேறொன்று என்று இன்னொருவர்; ஒரு மருத்துவ விடுதியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார். அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல் மருத்துவ ஆய்வாளர் ஒருவர் கருத்து வெளியிட்டுள்ளார். ஊரில் தாய்க்கும் மனைவிக்கும் மனக்கசப்பு வளர்ந்தது. ஜானகியின் கடிதங்கள் கணவரைச் சென்று சேரவில்லை என்று வரலாற்றாசிரியர் கூறுகின்றனர். மனைவி ஏன் எழுதவில்லை என்று அங்கே அவர் ஏங்க, கணவர் ஏன் எழுதவில்லை என்று இங்கே இந்தச் சிறுபெண் ஏங்கினாள். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினர் பதவியும் அவருக்கு மறுக்கப்பட்டது. அதில் நிற வேற்றுமைக்கும் பங்குண்டு.

நோய், பசி, குளிர், தனிமை, ஏமாற்றம் ஆகிய அனைத்தும் ஒன்றுசேர்ந்து 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரைப் பாதாளத்தின் விளிம்புக்குத் தள்ளின. இலண்டன் நிலத்தடி ரயில் நிலையம் ஒன்றில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நிலையப் பணியாளர் ஒருவர் கண்டு உடனே ரயிலை நிறுத்தியதால் அவர் உயிர் பிழைத்தார். அந்தப் பணியாளரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. தற்கொலை முயற்சி அந்நாளில் இங்கிலாந்தில் குற்றம்; காவலர் அவரைப் பிடித்துச் சென்றனர். ஹார்டி விரைந்து வந்து, இவர் எத்தகைய மேதை என்பதை எடுத்துரைத்து மீட்டார்.

மீட்சி

இதன் பின் நடந்ததுதான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. 1918 மே மாதம் அவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு மீண்டும் டிரினிட்டி கல்லூரித் தேர்தல் வந்தபோது, அவர் மனநிலை சரியில்லாதவர் என்ற பேச்சை எதிர்த்தரப்பினர் கிளப்பினர். மற்றொரு பேராசிரியரான லிட்டில்வுட் மருத்துவச் சான்றுகளைப் பெற்று அளித்து அந்தப் பேச்சை முறியடித்தார். அக்டோபரில் இராமானுஜன் உறுப்பினரானார். அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. இந்த ஆதரவு அவருக்குப் புத்துயிர் அளித்தது. அவர் மீண்டும் கணக்குகளை எழுதத் தொடங்கினார். பட்னி என்னுமிடத்து மருத்துவ விடுதியில் அவரைக் காண வந்த ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729 சுவாரசியமற்ற எண் என்றார். இரண்டு கன எண்களின் கூட்டாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று இராமானுஜன் படுக்கையிலிருந்தே உடனே விடை சொன்னார். பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும் சேர்ந்தால் 1729. பத்தின் கனமும் ஒன்பதின் கனமும் சேர்ந்தாலும் 1729.

1919 ஜனவரியில், தமக்குக் கிடைக்கவிருந்த பெருந்தொகையில் பெற்றோருக்கும் தம் தேவைக்கும் போக மீதியை ஏழை மாணவரின் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிட வேண்டுமென்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். கட்டணம் கட்ட வழியின்றி வீட்டைவிட்டு ஓடிய சிறுவன் அவருள் மறையவே இல்லை.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். உடல்நிலை தேறவில்லை. ஜானகி இரவும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தார். படுக்கையில் சாய்ந்தபடியே சிலேட்டிலும் காகிதத்திலும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் அந்த ஒளி அணைந்தது. வயது 32. கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் 600க்கும் மேற்பட்ட புதிய முடிவுகள் இருந்தன. ஜானகியம்மாள் தையல் கற்று, சென்னைத் திருவல்லிக்கேணியில் தம் உழைப்பாலேயே வாழ்ந்து, ஓர் அனாதைச் சிறுவனையும் வளர்த்து ஆளாக்கி, 1994இல் காலமானார்.

நாம் கற்கும் பாடம்

அப்படியானால் கணித அறிவுதான் இராமானுஜனின் மனத்தைக் குலைத்ததா? இல்லை என்பதே நம் முடிவு. கணிதம் அவருக்குத் துன்பம் தரவில்லை; துன்பத்தில் அவரைத் தாங்கி நின்றதே அதுதான். குலைத்தவை உணவின்மை, உறக்கமின்மை, நோய், தனிமை, மனம்விட்டுப் பேச ஆளின்மை. கணிப்பொறியியலின் தந்தை எனப்படும் ஆலன் டூரிங் 1954இல் 41 வயதில் மறைந்தார். சட்டமும் சமூகமும் அவரை அவமானப்படுத்தியிருந்தன. அமெரிக்கக் கணித அறிஞர் ஜான் நேஷ் பல ஆண்டுகள் மனநோயால் வருந்தினார். மனைவியும் நண்பர்களும் கைவிடாமையால் தேறி, 1994இல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டுப் புள்ளியியல் மேதை சி. ஆர். ராவோ தெளிந்த அறிவோடு 102 வயது வரை வாழ்ந்து 2023இல் மறைந்தார். அறிவு ஒன்றே நோய்க்குக் காரணமானால் இவர் எப்படி நூறு கடந்திருப்பார்?

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒன்றில் ஆழ்ந்து மூழ்கும் இயல்புடையவர்கள் உண்ணவும் உறங்கவும் பழகவும் மறந்துபோகக்கூடும். மேதைகள் அப்படித்தான் என்று நாம் வியந்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த வியப்பே அவர்களைத் தனிமையில் விட்டுவிடுகிறது. வகுப்பில் முதல் மதிப்பெண் பெறும் தோழி திடீரென்று பேச்சைக் குறைத்தால், பகலுணவைத் தொடாமல் மூடி வைத்தால், அவள் படிப்பாளி, அப்படித்தான் இருப்பாள் என்று விட்டுவிடலாகாது.

நம் ஊர்களில் மனச்சோர்வைப் பேய்பிடித்தது என்பார்கள். பாவம் என்றும் சிலர் சொல்வர். விவிலியத்தில் எலியா இறைவாக்கினர் மனம் உடைந்து, சூரைச்செடியின் அடியில் படுத்து, சாவை வேண்டினார். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வானதூதரை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்து, உறங்கச் செய்து, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். போதனை அதற்குப் பின்புதான். 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும், கடும் மனத்துயரில் உயிரை மாய்த்துக்கொண்டோரின் பொறுப்பு குறைவு என்று கூறி, அவர்களுக்காக மன்றாடுகிறது. நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகக் கருதி உதவ வேண்டும் என்கிறது.

அன்புத் தோழியரே! ஏரியில் பெருவலையை ஒருவர் மட்டும் தனியே இழுப்பதில்லை. மனப்பாரமும் அப்படித்தான். தேர்வில் தவறினாலும், வீட்டில் சண்டையானாலும், காரணமே தெரியாமல் மனம் இருண்டாலும், வாய்விட்டுச் சொல்வோம். அன்னையிடம், ஆசிரியையிடம், அருட்சகோதரியிடம், தோழியிடம் யாரிடமாவது சொல்வோம். நேரில் சொல்லக் கூச்சமானால், அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416ஐ இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போலவே மனநோய்க்கும் மருத்துவரை நாடலாம். அதில் வெட்கம் இல்லை.

டிசம்பர் 22ஆம் நாளை 2012 முதல் தேசியக் கணித நாளாக நாடெங்கும் கொண்டாடுகிறோம். இனி அந்நாளில் 1729ஐ மட்டும் சொல்லிக் கைதட்டிவிட்டுக் கலையாமல், பெயர் தெரியாத அந்த ரயில் நிலையப் பணியாளரையும் நன்றியோடு நினைப்போம். அவர் கணிதம் அறியாதவராகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதன் விழப்போவதைக் கண்டார், உடனே செயல்பட்டார். அதனால் இராமானுஜனுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. உலகுக்கு அந்தக் கடைசித் தாள்கள் கிடைத்தன. அவரைப் போல விழித்த கண்ணும் இரங்கும் நெஞ்சும் நமக்கு வாய்க்க, மகிமை அன்னை நமக்காக மன்றாடுவாராக!